அழித்தெழுதும் இறுவட்டு

ஓலையிலே எழுத்தாணியாற் கீறியதை அழிக்க முடியாது. பிழை நேர்ந்தால் அவ்வோலையை விலக்கி வேறோர் ஓலையை எடுத்துக்கொள்ள வேண்டும். கற்பலகையிலோ ஒரு சொல்லை மட்டும் துடைத்துவிட்டு, அதே இடத்தில் வேறு சொல்லை எழுதலாம். இவ்விரண்டின் வேறுபாட்டை எவரும் ஒரு மாணாக்கனுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருந்ததில்லை. கையில் எடுத்த பொருளே தன் இயல்பைச் சொல்லிவிடும். கணினி பரவிய காலத்தில் வந்த ஒரு பொருளுக்கு மட்டும் இந்தத் தெளிவு வாய்க்கவில்லை. ஒளி பட்டால் வானவில்லின் நிறங்களைக் காட்டும் இறுவட்டே அப்பொருள். பிறப்பால் அது ஓலைச்சுவடியின் இனம். அதனைக் கற்பலகையாக்கிவிட வேண்டுமென இருபது ஆண்டுகள் முயன்றார்கள். முயற்சி பெருமளவுக்கு வெற்றியும் பெற்றது. ஆயினும் அதனைக் கற்பலகையென்றே நம்பித் தம் குடும்பப் படங்களையும் கணக்குகளையும் கடிதங்களையும் அதில் இட்டு வைத்தோர் பலர், பின்னொரு நாள் திறந்து பார்த்தபோது வெறும் பலகையையே கண்டனர். இஃது எவ்வாறு நிகழ்ந்தது என்பதை அறிய, அந்த வட்டின் உள்ளே ஓடும் பாதையிலிருந்து தொடங்குதல் வேண்டும்.

யப்பானின் சோனி நிறுவனமும் ஒல்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனமும் கூட்டாக உருவாக்கி 1982 ஆம் ஆண்டில் விற்பனைக்கு விட்ட இறுவட்டு, இசைக்கென்றே பிறந்தது. அதன் விட்டம் 12 சென்ரிமீற்றர். உள்வட்டத்தில் தொடங்கி வெளிவிளிம்பு வரை ஒரே சுருளாக ஒரு பாதை அதனுள் ஓடுகிறது. ஒரு மில்லிமீற்றரை ஆயிரம் கூறிட்டால், அதில் ஏறத்தாழ ஒன்றரைக் கூறே அடுத்தடுத்த இரு சுற்றுகளுக்கு இடைப்பட்ட தூரம். அச்சுருளைப் பிரித்து நேராக நீட்டினால் ஐந்து கிலோமீற்றருக்கும் அதிகமாக நீளும். பாட்டைக் கேட்பவர் முதலிலிருந்து முடிவு வரை கேட்பார். ஆகவே பாதையும் முதலிலிருந்து முடிவு வரை ஒரே ஓட்டமாக அமைந்தது. இடையிலே ஒரு வரியை மாற்ற வேண்டுமென்ற எண்ணம் அதனைச் செய்தவர்களுக்கு எழுந்திருக்க நியாயமில்லை.

இசைக்குப் பிறந்த வட்டைக் கணினிக்காரர் விரைவிலேயே கண்டுகொண்டனர். அக்காலத்து நெகிழ்வட்டு ஒன்றில் ஒன்றரை மெகாபைற்றுக்கு உட்பட்ட செய்தியே அடங்கும். இறுவட்டிலோ 650 மெகாபைற்று அடங்கும்; ஏறத்தாழ 450 நெகிழ்வட்டுகளின் கொள்ளளவு. ஆனால், எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை ஒன்று வேண்டுமல்லவா? அதனை வகுக்க 1985 ஆம் ஆண்டில் பல நிறுவனங்களின் பிரதிநிதிகள், அமெரிக்காவின் தாஹோ ஏரிக்கு அருகிலுள்ள ஹை சியரா என்னும் விடுதியிலே கூடினர். அங்கே உருவான திட்டம், சில திருத்தங்களுடன் 1988 ஆம் ஆண்டில் 9660 என்னும் இலக்கமுடைய அனைத்துலக நியமமாயிற்று. நல்ல திட்டமே அது. எனினும் அச்சிட்ட நூலின் பொருளடக்கத்தைப் போன்றது. எல்லாக் கோப்புகளும் எங்கெங்கே அமையும் என்பதை முன்னரே கணக்கிட்டு, அட்டவணையை எழுதி, பிறகு கோப்புகளை வரிசையாக அடுக்க வேண்டும். ஒரு கோப்பை நீக்கவோ பெருக்கவோ அதில் வழி வைக்கப்படவில்லை.

பின்னர், வீட்டிலேயே எழுதிக்கொள்ளத்தக்க இறுவட்டு வந்தது. அதிலே சாயப்படலம் ஒன்று பூசப்பட்டிருக்கும். லேசர் ஒளி பட்ட இடத்தில் அச்சாயம் கருகும், கருகியது மீளாது. எழுத்தாணி பட்ட ஓலையேதான். 1990களில் இவ்வகை வட்டுகளை எழுதியோர் ஒரு தொல்லையை நன்கறிவர். எழுதத் தொடங்கிய லேசர் நடுவில் நிற்கக் கூடாது. கணினி வேறு வேலையில் மூழ்கி, எழுதுகருவிக்குச் செய்தி அனுப்பச் சற்றே தாமதித்தால் போதும், வட்டு முழுவதும் பாழாகிவிடும். ஆகையால் வட்டு எழுதப்படும் வேளையிலே கணினியைத் தொடாமல், வீட்டாரையும் தொடவிடாமல் காவல் இருந்தவர்கள் உண்டு. விட்ட இடத்திலிருந்து மீண்டும் தொடரும் உபாயத்தை 2000 ஆம் ஆண்டில் சான்யோ நிறுவனம் கொண்டுவந்த பின்னரே அந்தக் காவலுக்கு ஓய்வு கிடைத்தது.

நிற்க. அழித்தெழுதும் வட்டுக்கு வேண்டிய மூலப்பொருள் இதற்கெல்லாம் முன்பே, இசைத்தட்டோடு எவ்விதத் தொடர்புமில்லாத ஒருவரின் கையில் இருந்தது. அவர் பெயர் ஸ்ரான்போட் ஒவ்ஷின்ஸ்கி. அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து அக்ரன் நகரிலே 1922 ஆம் ஆண்டில் பிறந்தவர். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து குடியேறிய அவருடைய தந்தையார் பழைய இரும்பு சேகரித்துப் பிழைத்தவர். மகன் பல்கலைக்கழக வாயிலை மாணவராக மிதித்ததில்லை. கடைசற் பொறியிலே வேலை பழகினார். புதுவகைக் கடைசற் பொறியொன்றை ஆக்கி, அதற்குத் தம் தந்தையின் பெயரான பெஞ்சமின் என்பதையே இட்டார். பிறகு மூளையின் நரம்புகள் எவ்வாறு செய்தியை வைத்துக் காக்கின்றன என்ற ஆராய்ச்சியிலே மனத்தைச் செலுத்தினார். 1960 ஆம் ஆண்டில் தம் துணைவியார் ஐரிஸ் அவர்களோடு சேர்ந்து டிற்றோயிற் நகரில் ஒரு சிறிய ஆய்வுகூடத்தைத் தொடங்கினார்.

அக்காலத்தில் மின்னணுவியலின் அறிஞர் யாவரும் படிகங்களையே போற்றினர். அணுக்கள் அணிவகுப்புப் போல ஒழுங்காக நின்றாலன்றிப் பயனில்லை என்பது பொதுக்கருத்து. ஒவ்ஷின்ஸ்கியோ ஒழுங்கற்ற பொருள்களை, அதாவது கண்ணாடியைப் போல அணுக்கள் கலைந்து கிடக்கும் பொருள்களை ஆராய்ந்தார். தெலூரியம் முதலியவை கலந்த சில கலவைகள், மின்சாரம் பாய்ந்ததும் ஒழுங்கான நிலைக்கும் ஒழுங்கற்ற நிலைக்கும் மாறி மாறிச் செல்வதை அவர் கண்டார். 1968 ஆம் ஆண்டு நவம்பரில் இதுபற்றிய அவரது கட்டுரை அமெரிக்காவின் முதன்மையான பௌதிகவியல் ஏடொன்றில் வெளிவந்தது. நியூ யோர்க் ரைம்ஸ் நாளிதழ் அச்செய்தியை முதற் பக்கத்திலேயே வெளியிட்டது. பட்டம் பெறாத ஒருவரின் கூற்றை ஐயுற்றோர் பலர். ஆயினும் இங்கிலாந்தின் நெவில் மொற் போன்ற பேரறிஞர் அவர் ஆய்வை மதித்தனர்; ஒழுங்கற்ற பொருள்கள் பற்றிய ஆராய்ச்சிக்காகவே மொற் 1977 ஆம் ஆண்டில் நோபல் பரிசில் பங்கு பெற்றார். மின்சாரத்தாற் செய்த மாற்றத்தை லேசர் ஒளியாலும் செய்யலாம் என்பதை ஒவ்ஷின்ஸ்கியின் குழுவினர் 1970களின் தொடக்கத்திலேயே காட்டினர். அப்போது இசை இறுவட்டுக்கூடப் பிறந்திருக்கவில்லை.

இம்மாற்றத்தை விளங்கிக்கொள்ள அடுக்களையை நினைத்தால் போதும். சீனிப்பாகை ஆறவிட்டு மெதுவாகப் படியவிட்டால் கற்கண்டு கட்டியாகும். அதே பாகை நன்கு காய்ச்சித் திடீரெனக் குளிரச் செய்தால் கண்ணாடி போன்ற வில்லையாகிவிடும். பொருள் ஒன்றே, குளிர்ந்த வேகம்தான் வேறு. அழித்தெழுதும் வட்டினுள்ளே உள்ள உலோகக் கலவைப் படலமும் இவ்வாறே. லேசரின் வலுவான துடிப்பொன்று ஒரு புள்ளியை ஏறத்தாழ 600 பாகை வரை சூடாக்கி உருக்கி, உடனே விட்டுவிட்டால், அப்புள்ளி கலைந்த நிலையிலேயே உறைந்து மங்கலாக நிற்கும். அதனினும் வலுக் குறைந்த ஒளியாற் சூடாக்கினால் உருகாமல், அணுக்கள் மீண்டும் ஒழுங்குபெற்றுப் பளபளப்பாகும். மங்கல் புள்ளிகளும் பளபளப்பான இடைவெளிகளுமே எழுத்து. மிக மெல்லிய ஒளியாற் பார்த்தால் எதுவும் மாறாது, அதுவே வாசிப்பு. யப்பானின் மற்சுஷிற்றா நிறுவனத்து ஆய்வாளர் 1980களில் ஜெர்மானியம், அந்திமனி, தெலூரியம் மூன்றும் சேர்ந்த கலவையொன்றைக் கண்டனர். ஒரு நொடியின் கோடியிலொரு பங்கு போன்ற நுண்ணிய காலத்தில் மாறவல்லதாய் அஃது இருந்தது. வெள்ளி, இந்தியம், அந்திமனி, தெலூரியம் ஆகியவற்றின் கலவையும் வேறு வகை வட்டுகளிற் பயன்பட்டது.

இடையிலே காந்தமும் ஒளியும் கலந்த வேறொரு வழியும் இருந்தது. 1988 ஆம் ஆண்டில் ஸ்ரீவ் ஜொப்ஸ் வெளியிட்ட நெக்ஸ்ற் கணினி அத்தகைய 256 மெகாபைற்று வட்டையே தன் முதன்மைச் சேமிப்பாகக் கொண்டிருந்தது. வன்தட்டோடு ஒப்பிட அதன் வேகம் போதவில்லை. அந்த நிறுவனமே பின்னர் வன்தட்டுக்குத் திரும்பியது. சுழலும் ஒளிவட்டை அன்றாட மேசைப்பலகையாக்கப் புகுந்தவர்களுக்கு இது முதல் எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும்.

1997 ஆம் ஆண்டில் அழித்தெழுதும் இறுவட்டு சந்தைக்கு வந்தது. ஏறத்தாழ ஆயிரம் முறை எழுதலாம் என்றனர். அதன் பரப்பிலிருந்து திரும்பும் ஒளி குறைவு. சாதாரண இறுவட்டு நூற்றுக்கு எழுபது பங்கு ஒளியைத் திருப்பினால், இது பதினைந்து முதல் இருபத்தைந்து பங்கையே திருப்பும். பழைய கருவிகள் பல அதனைக் காணவே இல்லை. அதனினும் பெரிய இடர் கணக்கிலே இருந்தது. கணினி தன் கோப்புகளைச் சிறு சிறு துண்டுகளாகக் கையாளும். வட்டின் துண்டொன்று 2,048 பைற்று. ஆனால் எழுதும்போது வட்டு அவ்வளவு சிறிதாக எழுத இசையாது. 32 துண்டுகளை ஒரு பொதியாகக் கட்டியே எழுத வேண்டும். பொதிக்கும் பொதிக்கும் இடையிலே ஏழு துண்டு அளவு இடம் இணைப்புக்கெனக் கழிந்துபோகும். 650 மெகாபைற்று வட்டு 530 அளவுக்குச் சுருங்கியது இதனாலேயே. ஒரு கடிதத்தில் ஓரெழுத்தை மாற்றினாலும் பொதி முழுவதையும் வாசித்து, நினைவகத்தில் திருத்தி, முழுவதையும் மீண்டும் எழுத வேண்டும்.

இங்கே இன்னொரு நுட்பம் உண்டு. கோப்புகள் வட்டின் பல இடங்களிலே பரவி இருக்கலாம். அவற்றின் அட்டவணையோ ஓரிடத்தில் இருப்பது. எந்தக் கோப்பைத் தொட்டாலும் அட்டவணை திருத்தப்பட வேண்டும். ஆயிரம் முறை எழுதலாம் என்ற கணக்கு வட்டு முழுவதற்கும் உண்மையாயினும், அட்டவணை இருக்கும் அந்தச் சிறு இடம் அந்த ஆயிரத்தை வெகு விரைவில் எட்டிவிடும். பலர் நடக்கும் வாயிற்படி முதலில் தேய்வதைப் போல. ஒளியியற் சேமிப்புத் தொழினுட்பச் சங்கம் வகுத்த யூ.டி.எஃப். என்னும் கோப்பு முறை இதற்கு விடை தேடியது. 1996 ஆம் ஆண்டின் பதிப்பு டிவிடிக்கு ஏற்றதாக இருந்தது. 1997 ஆம் ஆண்டின் பதிப்பு, கெட்டுப்போன பொதிக்குப் பதிலாக வேறிடத்தைச் சுட்டும் மாற்றுப்பட்டியல் ஒன்றை அழித்தெழுதும் வட்டுகளுக்கென வகுத்தது.

இம்முறையைக் கொண்டு அடப்ரெக் நிறுவனத்தின் டிரெக்ற் சீடி, செருமனியின் அகெட் நிறுவனத்தின் இன் சீடி முதலிய மென்பொருள்கள் வந்தன. அன்று தொட்டே 'இழுத்து விடுதல்' என்ற சொற்றொடர் விளம்பரங்களில் இடம்பெற்றது. சுட்டியாற் கோப்பைப் பற்றி இழுத்து, வட்டின் படத்தின்மேல் விட்டால் போதும். நெகிழ்வட்டுப் போலவே நடக்கும் என்றனர். ஆனால் புதிய வட்டை முதலில் ஆயத்தஞ் செய்தல் வேண்டும். கணினி வழக்கில் இதனை 'போமற்' செய்தல் என்பர். அதற்கே அரைமணி நேரத்துக்கும் மேலாயிற்று. அவ்வட்டை இன்னொருவர் வீட்டுக்குக் கொண்டு சென்றால், அங்குள்ள கணினி அந்த முறையை அறிந்திருக்க வேண்டும். விண்டோஸ் 98 யூ.டி.எஃப். முறையின் மிகப் பழைய பதிப்பையே வாசித்தது, விண்டோஸ் 2000 அதற்கடுத்த பதிப்பு வரை சென்றது, எக்ஸ்.பி. அதனினும் சற்று முன்னேறியது. எழுதியவர் வீட்டிலே தெளிவாகத் தெரிந்த வட்டு, நண்பர் வீட்டிலே ஊமையானது இவ்வாறே.

டிவிடியின் கதையில் நிறுவனங்களின் பூசலும் சேர்ந்துகொண்டது. 1980களின் வீடியோ நாடாச் சண்டையை மறவாத கணினி நிறுவனங்கள், ஐ.பி.எம். முன்னிற்க, புதிய வட்டு ஒரே வகையாக இருத்தல் வேண்டுமென வற்புறுத்தின. சோனியும் பிலிப்ஸும் ஒருபுறம், தொஷிபாவும் அதன் தோழர்களும் மறுபுறம் என நின்றவர்கள் 1995 ஆம் ஆண்டில் உடன்பாடு கண்டனர். 1996 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் யப்பானில் டிவிடி விற்பனைக்கு வந்தது. படம் பார்ப்பதற்கான வட்டில் கிடைத்த ஒற்றுமை, எழுதும் வட்டில் ஈராண்டும் நிலைக்கவில்லை. மூன்று வகைகள் பிறந்தன.

முதலாவது டிவிடி-ராம். 1998 ஆம் ஆண்டில் 2.6 ஜிகாபைற்று அளவிலும், அடுத்து 4.7 ஜிகாபைற்று அளவிலும் வெளிவந்தது. கோப்புகளை இழுத்துவிட வேண்டுமென்றே நினைத்து ஆக்கப்பட்டது இதுவொன்றே எனலாம். அதன் பரப்பை உற்று நோக்கினால் சிறு சிறு செவ்வகக் கோடுகள் கண்ணுக்குத் தெரியும்; ஒவ்வொரு துண்டின் முகவரியும் தொழிற்சாலையிலேயே பதிக்கப்பட்டிருந்தது. ஊரிலே வீட்டுக்கு வீடு இலக்கம் இட்டதைப் போன்ற ஏற்பாடு. எழுதுகருவி எழுதியதை உடனே வாசித்துச் சரிபார்க்கும். பிழை கண்டால் தானே வேறிடத்தில் எழுதிவைக்கும். ஒரு லட்சம் முறை எழுதலாம் என்றனர். தூசி படாதிருக்க அவ்வட்டு ஓர் உறையினுள்ளே வைத்து விற்கப்பட்டது. சரிபார்ப்பதால் எழுதும் வேகம் பாதியாயிற்று என்பதும், உறையிட்ட வட்டு பல கருவிகளிலே நுழையாது என்பதும் குறைகள். எல்லாவற்றிலும் பெருங்குறை, வீட்டிலுள்ள படக்கருவிகள் பல அதனை வாசிக்கவில்லை. மக்களோ ஒரே வட்டில் கோப்பும் வைக்க வேண்டும், படமும் பார்க்க வேண்டும் என்று விரும்பினர். வேலைக்கு மிகத் தகுந்த வட்டே குறைவாக விற்றது. தகுதியும் விற்பனையும் ஒருங்கு செல்லாததற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டைத் தேட வேண்டியதில்லை.

இரண்டாவது, பயோனியர் நிறுவனம் முன்னின்று ஆக்கி 1999 ஆம் ஆண்டின் இறுதியில் யப்பானில் வெளியிட்ட கோட்டுக்குறி வட்டு. டிவிடி-ஆர்டபிள்யூ என்பது அதன் பெயர். படம் பதிவதற்கு ஏற்றது. அதிலிருந்து திரும்பும் ஒளி குறைவாதலால், சில பழைய படக்கருவிகள் அதனை இரண்டு படலம் உடைய வட்டென்று தவறாக எண்ணி மயங்கின. மூன்றாவது, பிலிப்ஸ், சோனி, ஹியூலெற் பக்காட், ரிக்கோ, யமஹா, மிற்சுபிஷி ஆகியோர் கூடி ஆக்கிய கூட்டற்குறி வட்டு. முதலில் மூன்று ஜிகாபைற்று அளவிலே அறிவிக்கப்பட்டுக் கைவிடப்பட்டு, 2001 ஆம் ஆண்டில் 4.7 ஜிகாபைற்று வட்டாக வந்தது. கணினி தன் கணக்கில் எண்ணும்போது அது 4.38 ஆகக் குறையும். ஆயிரத்தால் எண்ணும் வணிகரும் 1,024 ஆல் எண்ணும் கணினியும் ஒத்துப்போகாததன் விளைவு. பாதையின் ஓரத்தில் மிக நுண்ணிய நெளிவுகள் இருந்தன. ஒரு நொடியில் எட்டு லட்சத்துக்கு மேற்பட்ட நெளிவுகளைக் கடக்கும் லேசர், தான் எங்கே நிற்கிறது என்பதைத் துல்லியமாக அறியும். ஆகவே இடையில் நிறுத்தி, பின்னர் அதே புள்ளியிலிருந்து இடம் வீணாகாமல் தொடர முடிந்தது. இறுவட்டிலே கழிந்துபோன அந்த ஏழு துண்டு இணைப்பு இங்கே தேவைப்படவில்லை. பொதியும் 16 துண்டாகச் சிறுத்தது.

எவ்வட்டை வாங்குவதென்று மக்கள் கடையிலே தடுமாறினர். 2002 ஆம் ஆண்டில் சோனி நிறுவனம் கோட்டுக்குறியும் கூட்டற்குறியும் எழுதவல்ல கருவியை வெளியிட்டபின், பூசல் தீர்க்கப்படாமலே பொருளற்றதாயிற்று.

இதே காலத்திலே பிலிப்ஸ், சோனி, மைக்ரோசொவ்ற், கொம்பாக் ஆகிய நான்கும் கூடி மவுண்ட் ரெய்னியர் என்ற திட்டத்தை வகுத்தன. வாஷிங்ரன் மாநிலத்து மலையொன்றின் பெயர் அது. ஆயத்தஞ் செய்யும் வேலை பின்னணியிலே நடக்கும். வட்டை இட்ட சற்று நேரத்திலேயே எழுதத் தொடங்கலாம். கெட்ட இடங்களைக் கவனிப்பது மென்பொருளின் பொறுப்பிலிருந்து கருவியின் பொறுப்புக்கு மாறியது. சிறப்பான திட்டமே. ஆயினும் விண்டோஸ் தானாகவே அதனை ஏற்றது 2007 ஆம் ஆண்டில் பொதுமக்களுக்கு வந்த விஸ்ராவில்தான். இடைப்பட்ட எக்ஸ்.பி. இறுவட்டின்மீது இழுத்துவிட்ட கோப்புகளை வட்டில் எழுதாமல், வன்தட்டின் ஒரு மூலையில் காத்திருக்கச் செய்தது. எழுதும்படி தனியே ஆணையிட்ட பின்னரே வட்டு எழுதப்படும். அதை அறியாது வட்டை எடுத்துச் சென்றவர் வெறும் வட்டையே எடுத்துச் சென்றார்.

விஸ்ராவோடு இழுத்துவிடுதல் கணினியின் இயல்பான வேலைகளுள் ஒன்றாயிற்று. 2009 ஆம் ஆண்டின் விண்டோஸ் 7, வெற்று வட்டொன்றை இட்டதும் ஒரு கேள்வி கேட்டது: இதனை யூ.எஸ்.பி. நினைவுக்கோலைப் போலப் பயன்படுத்த விருப்பமா, அன்றி வட்டுக் கருவியில் இயக்கும் வட்டாகவா? இக்கேள்வியை ஊன்றி நோக்குதல் தகும். வட்டு என்னவென்று விளக்க, அதனை வீழ்த்திக்கொண்டிருந்த பொருளின் பெயரையே கடன்வாங்க வேண்டியதாயிற்று.

அந்த நினைவுக்கோல் 2000 ஆம் ஆண்டிலே எட்டு மெகாபைற்று அளவில் சிங்கப்பூர் நிறுவனமொன்றாலும் அமெரிக்காவில் ஐ.பி.எம். பெயராலும் விற்கப்பட்டது. டிவிடியின் ஐந்நூறிலொரு பங்குக்கும் குறைவு, விலையோ உயர்வு. ஆயினும் அதில் சுழல்வது ஏதுமில்லை, சுருளுமில்லை. எந்த இடத்தையும் உடனே எட்டலாம். வட்டின் லேசர் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு நகர்ந்து நிலைபெற நொடியின் பத்திலொரு பங்கும் அதற்கு மேலும் எடுத்தது. வன்தட்டுக்கு நூறிலொரு பங்கே போதும். பெரிய திரைப்படம் ஒன்றை எழுதும்போது இவ்வேற்றுமை தெரியாது. ஆயிரம் சிறு படங்களை இழுத்துவிட்டாலோ, லேசர் அட்டவணைக்கும் பாதைக்குமாக ஆயிரம் முறை அலையும். சற்று நேரத்தில் முடியுமென்று எண்ணியவர் தேநீர் அருந்தி முடித்தும் காத்திருப்பார்.

அந்தக் காத்திருப்பைக் குறைக்கவே மென்பொருள் ஒரு தந்திரம் செய்தது. இழுத்துவிட்ட கோப்பை உடனே எழுதாமல் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, வேலை முடிந்துவிட்டது போலத் திரையிலே காட்டியது. அட்டவணையின் திருத்தத்தை இன்னும் பின்னுக்குத் தள்ளியது. அடிக்கடி எழுதித் தேயாதிருக்கவும் இது நல்லதே. ஆனால் அந்த இடைவெளியிலே மின்சாரம் தடைப்பட்டாலோ, கணினி உறைந்தாலோ, பொறுமையிழந்தவர் கருவியின் சிறு துளையில் ஊசியை விட்டு வட்டை வலிந்து வெளியே எடுத்தாலோ, கோப்பு ஒருபுறமும் அட்டவணை மறுபுறமுமாகப் பிரிந்துவிடும். புதிய கோப்பு மட்டும் இழந்தால் வருத்தம் சிறிது. அட்டவணையே பாதி எழுதப்பட்டு நின்றால், பல மாதங்களுக்கு முன் வைத்த பழைய கோப்புகளும் கண்மறையும். மேலும் ராம் வட்டைப் போல மற்ற இரு வகைகளிலும் எழுதியதை உடனே சரிபார்க்கும் வழக்கம் கட்டாயமாக இருந்ததில்லை. விரல் ரேகையொன்று பட்ட இடத்தில் எழுதிய படம் கெட்டிருப்பது, ஆண்டுகள் கழித்துத் திறக்கும் நாளிலேயே தெரிய வரும். இழுத்துவிடுதலின் எளிமை இவ்வளவையும் திரைக்குப் பின்னே மறைத்து நின்றது. பொறியியலாளர் இதனை அறிந்திருந்தனர். மேசைமுன் அமர்ந்து தம் பிள்ளைகளின் படங்களை இழுத்துவிட்டவர்களுக்கு அதை எடுத்துச் சொன்னவர் சிலரே. வட்டுகளின் விளம்பரத்தில் ஆயிரம் முறை என்ற எண் பெரிதாக இருந்தது. வாயிற்படி தேயும் கதை அங்கே இல்லை.

2008 ஆம் ஆண்டில் அப்பிள் நிறுவனம் வட்டுக் கருவியே இல்லாத மடிக்கணினி ஒன்றை வெளியிட்டது. பிறரும் அவ்வழியே சென்றனர். தம் கலவைகளை ஒளிவட்டிலே கண்டு மகிழ்ந்த ஒவ்ஷின்ஸ்கி 2012 ஆம் ஆண்டு ஒக்ரோபரில் காலமானார். சோனி நிறுவனம் எழுதத்தக்க புளூ-ரே வட்டுகளின் உற்பத்தியை 2025 ஆம் ஆண்டு பெப்ரவரியில் நிறுத்தியது.

மேசை லாச்சிகளிலே கிடக்கும் பழைய வட்டுகளை இன்றும் எடுத்துப் பார்ப்போர் உண்டு. வட்டு சுழல்கிறது; சற்று நேரத்தின்பின், வட்டு வெறுமையாக உள்ளது, ஆயத்தஞ் செய்யட்டுமா என்று கணினி கேட்கிறது. ஆம் என்று விடையளிப்பவர் எஞ்சிய அட்டவணையின்மேல் புதியதொன்றை எழுதச் செய்கிறார். அல்ல என்று விடையளித்தவருக்கு இன்னும் ஒரு வழி உண்டு. அட்டவணை போனாலும் மங்கல் புள்ளிகள் உலோகப் படலத்திலே பெரும்பாலும் இருந்தபடியே இருக்கும். மீட்பு மென்பொருள்கள் அட்டவணையைத் தேடி அலைவதில்லை. சுருளின் உள்தொடக்கத்தில் லேசரை நிறுத்தி, ஏறத்தாழ 12 கிலோமீற்றர் நீண்ட டிவிடிப் பாதை முழுவதையும், 1982 ஆம் ஆண்டின் இசைவட்டைக் கேட்பது போல, முதலிலிருந்து முடிவு வரை துண்டு துண்டாக வாசித்துச் செல்கின்றன. படமொன்றின் தொடக்கக் குறி தென்படும் இடத்தில் நின்று, அதனைக் குறித்துக்கொண்டு, மேலே செல்கின்றன. பெயரும் திகதியும் இன்றி, எடுத்த வரிசையிலே படங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வருகின்றன.